ஆள் இல்லை என்பது சரிதானா?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சுவிசேஷ ஊழியத்துக்கு, அதாவது இயேசுவைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லும் வேலைக்கு, ஆள் போதவில்லை என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஞாயிறுதோறும் சபையில் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கிறோமே, நாங்களெல்லாம் ஆள் கணக்கில் வரமாட்டோமா?

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் 11 வருடமாக என் பக்கத்து மேஜையில் இருக்கும் நண்பர், அவருடைய அப்பா இறந்த சமயத்தில், "உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். ஜெபிப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்று எதையோ சொல்லி மழுப்பினேன். இதே நான், சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில், அதாவது தேவன் நமக்குச் செய்ததை எல்லோர் முன்பும் சொல்லும் நேரத்தில், மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன். அங்கே கேட்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே விசுவாசிகள், பயமில்லை.

சுவிசேஷம் சொல்வது போதகருடைய வேலை என்று நமக்குள் ஊறிப்போய்விட்டது. ஆனால் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தைப் பாருங்கள். சபைக்கு உபத்திரவம் வந்தபோது, இயேசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருந்துவிட்டார்கள். சிதறிப்போன சாதாரண சபையார்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள். 11-ம் அதிகாரத்தில், அந்தியோகியா நகரில் கிரேக்கரிடம் பேசியவர்கள் சீப்புரு தீவார், சிரேனே பட்டணத்தார் என்பதோடு சரி, பெயர்கூட இல்லை. 2-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கெல்சஸ், கம்பளி வேலை செய்கிறவனும் செருப்புத் தைக்கிறவனும் துணி வெளுக்கிறவனும் வீட்டுக்குள் நுழைந்து இதைப் பேசுகிறார்கள் என்று எரிச்சல்பட்டார். அவர் திட்டியது எனக்குப் பாராட்டாகவே கேட்கிறது.

தயக்கம் எல்லோருக்கும் உண்டு. 1855-ல் பாஸ்டன் நகரில் எட்வர்ட் கிம்பல் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர், செருப்புக் கடையில் வேலை பார்த்த தன் வகுப்பு இளைஞன் ஒருவனிடம் பேசப் போனார். தயங்கித் தயங்கிக் கடையைத் தாண்டியே போய்விட்டு, பிறகு திரும்பி வந்தார். தான் பேசியதும் சுரத்தில்லாமல் போனதாகத்தான் அவருக்குப் பட்டது. அந்த இளைஞன்தான் பின்னாளில் பெரிய சுவிசேஷகரான டி.எல். மூடி. நாம் பேசுகிற எல்லோரும் மூடி ஆகிவிட மாட்டார்கள். அதற்காக இதைச் சொல்லவில்லை. கடையைத் தாண்டிப் போன அந்தச் சில அடிகளுக்காகச் சொல்கிறேன்.

எதிர்க்கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வேறு. யோவான் 9-ல், இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடனைப் பரிசேயர்கள் என்ற யூத மதப் பிரிவினர் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். அவனிடம் இருந்தது ஒரே பதில்: அன்றைக்குக் குருடன், இன்றைக்குப் பார்க்கிறேன். அவன் எந்த வேதாகமக் கல்லூரிக்கும் போகவில்லை.

அதற்காக, நோயில் கிடப்பவரின் தலைமாட்டில் சுவிசேஷத் துண்டுப் பிரதியை வைத்துவிட்டு ஓடுவதையோ, மற்றவர் கும்பிடுவதை இழித்துப் பேசுவதையோ சாட்சி என்று நான் சொல்லமாட்டேன். சாந்தத்தோடு சொல்லுங்கள் என்றுதான் அப்போஸ்தலர் பேதுரு தன் நிருபத்தில் எழுதினார். அதுவும், கேட்கிறவர்களுக்குச் சொல்லும் பதிலைப் பற்றி. கேட்கிற அளவுக்கு நம் நடத்தை இருக்க வேண்டும், அது தனி வேலை. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் பேச்சை நிறுத்திவிடலாம், நட்பு நிற்கக்கூடாது.

ஒரு வேண்டுகோள். உங்கள் சாட்சிப் பக்கத்தில் பெரிய அற்புதங்களாகவே வருகின்றன. அதைப் படித்துவிட்டு, நமக்குச் சொல்ல ஒன்றுமில்லையே என்று வாயை மூடிக்கொள்கிறவர்கள் அதிகம். சொல்லிப் பார்த்து ஒன்றும் நடக்காத அனுபவங்களையும் போடுங்கள். முதலாவதாக என்னுடையதையே போடலாம். போன வாரம் அந்த நண்பரிடம், அன்றைக்கு மழுப்பிவிட்டேன், நிஜத்தில் நான் ஜெபிக்கிறவன், அதில்தான் தாக்குப்பிடிக்கிறேன் என்றேன். "அப்படியா, நல்லது" என்றார். அப்புறம் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
பின்வரிசைப் பெஞ்சில் உட்காரும் ஒரு வாசகன்