கோல் இறங்காத கழிமுகம்

எண்ணூர்,
ஐப்பசி 20

அன்புள்ள முருகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் பிறந்த சேதியை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டியதும் உடனே கேசரி கிளறிவிட்டாள். எனக்கு ஒரு ஸ்பூன்தான், சர்க்கரை அப்படி.

கடல் ஏறுகிறது என்கிறார்களே, உங்கள் பக்கம் எப்படி என்று கேட்டிருந்தாய். ஏறத்தான் செய்கிறது. 1900லிருந்து உலகச் சராசரி சுமார் 20 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண். இப்போது வேகம் கூடி வருஷத்துக்கு 4 மி.மீ. அளவில் ஏறுகிறது. ஆனால் பழியை முழுக்கக் கடல் தலையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் சின்னவனோடு படகில் கழிமுகத்துக்குப் போனேன். நாம் இறால் பிடிக்கப் போவோமே, கோல் முழுக்க இறக்கினாலும் தரை தட்டாத அந்த இடம். இப்போது ஊன்றினால் முழங்கால் ஆழம்கூட இல்லை. கோல் நுனியில் குழைத்த சிமெண்ட் மாதிரி சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது. அனல் மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்காய்ப் படிந்தது. கரையில் கண்டல் (அலையாத்தி மரம்) நின்ற சேற்றில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, கண்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். கொசஸ்தலையாறு வெள்ளக் காலத்தில் கால் நீட்டிப் படுத்த இடம் அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதுதான் நடந்தது. மேலே மழை, பூண்டி ஏரியில் திறந்துவிட்ட தண்ணீர், எதிரே பொங்கி நிற்கும் கடல். ஆறு எங்கே போகும்? நம் தெருவுக்குத்தான் வந்தது, கூடவே எண்ணெயும் கலந்து. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்தில் கரிக்கோடு. இரண்டு தடவை வெள்ளையடித்தும் மங்கலாய்த் தெரிகிறது. பூஜை அறை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தும் பிசுக்குப் போகாமல், கடைசியில் அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். அவளுடைய அம்மா கொடுத்த விளக்கு.

சரி, உன் கொள்ளிடத்துக்கு வருகிறேன். கரையை இன்னும் உயர்த்திக் கட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒப்பவில்லை. டெல்டா மண் தன் பாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாய் அமிழும். வெள்ளம் கொண்டுவந்து பரப்பும் வண்டல்தான் அதை ஈடுகட்டி வந்தது. 1934இல் மேட்டூர் வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மிச்ச மணலை லாரி அள்ளிக்கொண்டு போகிறது. நைல் ஆற்றிலும் அஸ்வான் அணைக்குப் பிறகு இதே கதைதான், அங்கே கடற்கரையே அரித்துப் பின்வாங்குகிறது. கரையை உயர்த்தினால் கொஞ்சநஞ்சம் வரும் வண்டலும் வயலுக்கு ஏறாது.

அப்புறம், 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அது என்ன கொள்ளிடத்திலிருந்தா வந்தது? தலைக்கு மேலிருந்து விழுந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதலாய் ஈரம் தாங்குமாம், அப்படிப்பட்ட மழை இனி அடிக்கடி வரும். உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போக வடிகால் வேண்டாமா? கடலில் ஓதம் ஏறி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் உன் உயர்ந்த கரையும் அதை உள்ளேயேதான் பிடித்து வைக்கும்.

மீஞ்சூரில் இன்னொரு கூத்து. பட்டணத்துக்காக நிலத்தடி நீரை வருஷக்கணக்காய் உறிஞ்சியதில் கடல் மண்ணுக்கடியிலேயே உள்ளே வந்துவிட்டது. பெரியப்பா கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பாரே, ஞாபகம் இருக்கிறதா?

ஃபிரிட்ஜை இப்போதே இரண்டு வரிசை ஹாலோ பிளாக் மேல் ஏற்றிவிட்டேன். மருமகள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். பேரனைப் பார்க்க நாங்கள் தை பிறந்ததும் வருகிறோம். அதற்குள் நீ இந்தப் பக்கம் வருவதானால் கார்த்திகை கழிந்து வா. வரும்போது உன் வயல் அரிசி ஐந்து கிலோ எடுத்து வா.

உன்,
கோபால்