ஒஸ்கார் வைல்டின் தீர்ப்பு: பிரித்தானிய நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

நாடகாசிரியர் ஒஸ்கார் வைல்ட் யார், ஆண்களோடு உறவு வைத்திருந்ததற்காக உங்கள் நாட்டில் அவருக்கு என்ன நடந்தது என்பதையெல்லாம் இலங்கையில் இருக்கும் ஒரு நாடக ரசிகை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1895 இல் பறித்த அவருடைய வாசகர் அட்டையை, பிரித்தானிய நூலகம் 2025 ஒக்டோபரில் புதிதாக அடித்துப் பேரன் கையில் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். நூலகத்தால் முடிந்தது அவ்வளவு, செய்துவிட்டார்கள். 1895 மே 25 அன்று லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அவரைச் சிறைக்கு அனுப்பிக் கொடுத்த தீர்ப்பு மட்டும் அப்படியே கிடக்கிறது. அதை ரத்துச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2017 சட்டத்தில்தான் இப்படித் தண்டிக்கப்பட்டு இறந்துபோன எல்லோரையும் மன்னித்துவிட்டோமே என்பீர்கள். தெரியும். அந்த மன்னிப்பால் குற்றத்தீர்ப்போ தண்டனையோ மாறாது என்று அதே சட்டம் சொல்வதும் தெரியும். இதே குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட கணிதமேதை அலன் டியூரிங்குக்காவது 2013 இல் பெயர் சொல்லிக் கொடுத்தீர்கள். வைல்டுக்கு ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்த்து மொத்தமாக ஒரு மன்னிப்பு.

அவருடைய சிறைவாசத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. என்னை உறுத்துவது 1895 ஏப்ரல் 24. அன்று அவர் ஹொலோவே சிறையில் விளக்கமறியலில் இருந்தார். அவர்மீதான வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. அதற்குள் கடன் கொடுத்தவர்களுக்காக அவருடைய டைட் வீதி வீட்டில் வைத்தே சாமான்களை ஏலம் போட்டுவிட்டார்கள். புத்தகங்கள், ஓவியங்கள் எல்லாம் கிடைத்த விலைக்குப் போயின. ஏலப் பட்டியலில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களும் இருந்தன. சிரிலுக்கு அப்போது 9 வயது, விவியனுக்கு 8. அந்தப் பொம்மைகள் எந்தச் சட்டப் பிரிவை மீறின, ஐயா? அப்புறம் அந்தப் பிள்ளைகளின் குடும்பப் பெயரையே ஹொலண்ட் என்று மாற்ற வேண்டி வந்தது. தகப்பனை அவர்கள் மறுபடி பார்க்கவே இல்லை. நூலக அட்டையை வாங்கிக்கொண்ட பேரனின் பெயரும் மெர்லின் ஹொலண்ட்தான்.

அந்த ஏப்ரலில் லண்டனில் அவருடைய இரண்டு நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பது இன்னும் விசேஷம். விளம்பரங்களில் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு டிக்கெட் விற்றார்கள். நாடகம் வேண்டும், நாடகக்காரன் வேண்டாம். அதில் ஒன்று, ஊரில் ஒரு பெயரும் நகரத்தில் ஒரு பெயருமாகத் திரியும் கனவானைப் பற்றிய கேலி நாடகம். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீடு திரும்பிய கனவான்களின் ஒழுக்கத்தை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

இதில் உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். அவரை உள்ளே தள்ளிய 1885 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு சொன்ன அதே குற்றம், எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் 365அ என்ற பிரிவாக இன்னும் இருக்கிறது. உங்கள் ஆட்சி விட்டுப்போன சொத்து. 1967 இல் நீங்கள் உங்கள் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கினீர்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆண்களுக்கு மட்டும் இருந்ததை 1995 இல் பெண்களுக்கும் விரித்துச் சமத்துவம் கண்டோம்! இதை நீக்கச் சொன்னால், அது எங்கள் கலாசாரம் என்று இங்கே சண்டைக்கு வருகிறார்கள். விக்டோரியா மகாராணியின் கலாசாரம் எப்போது எங்களுடையது ஆனதோ தெரியவில்லை.

சரி, அது எங்கள் பாராளுமன்றத்தோடு நாங்கள் மல்லுக்கட்ட வேண்டிய விஷயம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வைல்டின் தீர்ப்பையும், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு பழகியதற்காக அதே பிரிவில் தண்டிக்கப்பட்ட மற்றவர்களின் தீர்ப்புகளையும் ரத்துச் செய்யும் சட்டமூலம் ஒன்றை உங்கள் பாராளுமன்றத்தில் கொண்டுவாருங்கள். மன்னிப்பை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மெர்லின் ஹொலண்டிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான். உங்கள் அமைச்சின் பதிலைத் தயவுடன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகை