வானியலாளர் வேலை என்றால் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எதிர்காலத் தொழில்கள் வரிசையில் வானியலாளர் பற்றி சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். டாக்டர், வக்கீல், எஞ்சினியரைத் தாண்டியும் நம் பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று எழுதியிருந்தது நல்ல விஷயம். ஆனால், தொலைநோக்கியில் கண்ணைப் பதித்தபடி ஒருவர் நிற்கும் படத்தைப் போட்டு, கீழே 'தேவை அதிகம்' என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மலேசியாவில் படிவம் ஆறு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கும் எனக்கு அந்த இரண்டும்தான் நெருடின.

முதலில் படம். கண்ணால் பார்த்து ஆராய்ச்சி செய்த காலம் எப்போதோ போய்விட்டது. சிலி போன்ற நாடுகளில் உள்ள பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். கேட்பவர்களில் பலருக்குக் கிடைக்காது. கிடைத்தாலும், பல இடங்களில் அங்குள்ள பணியாளர்களே பதிவு செய்து கோப்புகளை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் கணினிதான்: பைத்தான் நிரல், புள்ளியியல், கட்டுரை எழுதுவது. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகத்தின் கேமராவில் ஒரே இரவில் சுமார் 20 டெராபைட் தரவு சேரும்.

என் மாணவி ஒருத்திக்கு இந்த வேலையின் ருசி எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். 2025இல் ஓய்வு பெற்ற ஐரோப்பிய விண்கலம் கையா, சுமார் 180 கோடி விண்மீன்களை அளந்து வைத்திருக்கிறது. அந்தத் தரவு யாருக்கும் இலவசம். கார்த்திகை விண்மீன் கூட்டம் இருக்கும் பகுதியை மட்டும் அவள் தன் அண்ணனின் பழைய லேப்டாப்பில் இறக்கினாள். ஃபேன் அலறுகிறது, இரண்டு கீ வேலை செய்யவில்லை. வானத்தில் ஒன்றாக நகரும் விண்மீன்களை மட்டும் பிரித்தெடுத்து, நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் போட்டாள். அதுவரை மிளகாய்த்தூள் கொட்டியது போல் கிடந்த புள்ளிகள் ஒரு கோடாக வந்து நின்றன. "சார், இது கையா ஆளுங்களே வரைஞ்ச கோடா?" என்று கேட்டாள். இல்லை, ஒன்றாகப் பிறந்த விண்மீன்கள் அப்படித்தான் அமையும் என்றேன். இதில் சலிப்பு வராத பிள்ளை தாராளமாக இந்தப் படிப்புக்குப் போகலாம்.

சரி, வேலை? இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம், அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக் எனும் தற்காலிக ஆராய்ச்சி வேலை. அதுவும் ஒன்று ஒரு நாட்டில், அடுத்தது இன்னொரு நாட்டில். நிரந்தர இடம் கிடைக்கும்போது முப்பத்தைந்து வயதைத் தொட்டிருப்பார்கள். மலேசியாவில் அந்த இடம் பெரும்பாலும் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிதான். லங்காவியில் தேசிய வான் ஆய்வகம் இருக்கிறது, கோலாலம்பூரில் 1994இல் திறந்த தேசியக் கோளரங்கம் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் வருடா வருடம் ஆள் எடுப்பார்கள் என்று நம்பி யாரும் படிக்கக் கூடாது. நம் பினாங்கின் பந்தாய் ஆச்சேயில் உள்ள ஷேக் தாஹிர் ஃபலக் (இஸ்லாமிய வானியல்) மையத்தில் பிறை பார்ப்பதுதான் முக்கியப் பணி. அது சமய இலாகாவோடு சேர்ந்த வேறு பாதை. பக்கத்துத் தாய்லாந்தோ 2013இல் டோய் இந்தானோன் மலையில் 2.4 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவிட்டது. பொறாமைதான், வேறென்ன.

மலேசிய வானியலாளர் டத்தோ மஸ்லான் ஒத்மானைப் பாருங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் முனைவர் பட்டம் பெற்றவர். தேசியக் கோளரங்கம், அப்போதைய தேசிய விண்வெளி நிறுவனமான அங்காசா, வியன்னாவில் ஐ.நா.வின் விண்வெளி விவகார அலுவலகம் என்று போனவர். அவரே கடைசி வரை விரிவுரையாளராக உட்காரவில்லை.

"வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்கும் அம்மாக்களிடம், "வானியலாளர் வேலை கிடைக்கும்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியாதும்மா. ஆனா சோத்துக்குப் பஞ்சம் வராது" என்றுதான் சொல்கிறேன். படச் செயலாக்கமும் புள்ளியியலும் கைவந்த இயற்பியல் பட்டதாரியை பினாங்கின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகள் ஒதுக்காது. அதனால்தான், பெயரில் 'விண்வெளி' என்று கவர்ச்சியாக ஒட்டிய தனியார் பாடத்திட்டங்களுக்கு பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் வாங்கிச் சேருவதைவிட, அரசுப் பல்கலைக்கழகத்தில் சாதாரண இயற்பியல் பட்டம் எடுப்பது மேல் என்பேன். கணிதத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஒரு வேண்டுகோள். இப்போது இங்கேயோ வெளிநாட்டிலோ வானியலில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளை ஒருவரைப் பேட்டி எடுத்துப் போடுங்கள். மாதம் எவ்வளவு உதவித்தொகை வருகிறது, ஒப்பந்தம் முடிந்தால் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான யு.பி.யு. விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே அது வந்தால் என் மாணவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு படிவம் ஆறு இயற்பியல் ஆசிரியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.