டேவ் வாலன்டைனுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்

ஸ்காட்லாந்து ரக்பி சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை ஒரு கிளப்பில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடந்தது. ரக்பி உலகக் கோப்பையை வாங்கிய முதல் கேப்டன் யார் என்று ஒரு கேள்வி. என் மகள் டேவ் வாலன்டைன் என்று எழுதியிருந்தாள். நடத்தியவர் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, மேலே டேவிட் கிர்க், 1987 என்று எழுதினார். போய்க் கேட்டேன். "அது லீக்குங்க, நம்ம ரக்பி கிடையாது" என்றார். ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு தனி ஆட்டங்கள்; உங்கள் சங்கம் நடத்துவது யூனியன். கிர்க் வாங்கியது யூனியன் கோப்பை, வாலன்டைன் வாங்கியது லீக் கோப்பை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் பேசப் பழக்கியது உங்கள் சங்கம்.

வாலன்டைன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹாயிக் ஊர்ப் பையன். 1947-ல் உங்கள் நீலச் சட்டையில் அயர்லாந்தோடும் இங்கிலாந்தோடும் ஆடினார். அதே ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்டு லீக் அணிக்குப் போனார். அங்கே ஆடினால் காசு கிடைக்கும்; யூனியனில் அப்போது காசு வாங்கி ஆடவே கூடாது. அன்றோடு உங்கள் கதவு மூடிக்கொண்டது. இனி யூனியனில் ஆட முடியாது என்பதோடு அது நிற்கவில்லை. லீக்கில் காசு வாங்கியவர் யூனியன் கிளப்பில் பயிற்சி கொடுக்கக் கூடாது, நிர்வாகத்தில் உட்காரக் கூடாது. பல கிளப்புகளில் வாசற்படியே ஏற விடமாட்டார்கள். யோசித்துப் பாருங்கள்: விடுமுறைக்குச் சொந்த ஊருக்கு வருகிறான் ஒருவன். கூட ஆடியவர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். இவன் மட்டும் தெருவில் நிற்கிறான். அவன் என்ன, திருடினானா?

1954-ல் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வராத பிரிட்டன் அணியைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போனார். நவம்பர் 13, பாரிஸில் பிரான்ஸோடு இறுதி ஆட்டம், 16-12 என்று ஜெயித்தார்கள். லீக்கின் முதல் உலகக் கோப்பை அவர் கைக்கு வந்தது. அன்றைக்கு உங்கள் அணி 1951 பிப்ரவரிக்குப் பிறகு ஓர் ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. அந்த வரிசை 17 தோல்விவரை போனது. அப்போதும் அவரை ஒரு நாள் பயிற்சிக்குக்கூட அழைக்க உங்கள் விதி இடம் தரவில்லை.

1976-ல், 49 வயதில், அவர் போய்ச் சேர்ந்தார். யூனியனில் சம்பளத்தை அனுமதித்தது 1995-ல். அப்புறம் ஆலன் டெய்ட் லீக்கிலிருந்து திரும்பி வந்து உங்களுக்காகவே ஆடினார், எல்லாரும் கைதட்டினோம். அது சரிதான். வாலன்டைனுக்கு ஏன் அது கிடைக்கவில்லை?

அந்தக் காலத்தில் காசு என்றாலே உங்கள் சங்கத்துக்கு ஆகாது. போரில் ஒரு கண்ணை இழந்து 1920-ல் ஆட வந்த ஜாக் வெமிஸுக்கு, 1914-லேயே ஜெர்சி கொடுத்தாயிற்று என்று புது ஜெர்சி எடுத்து வைக்காதவர்கள் நீங்கள். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

தயவுசெய்து, நவம்பரில் உங்கள் மர்ரேஃபீல்டு மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ஒலிபெருக்கியில் வாலன்டைன் பெயரைச் சொல்லுங்கள். அவரைப் போல வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் சங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேளுங்கள். ஒரு நிமிடம் போதும்.

நானும் மகளும் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று.

இப்படிக்கு,
ஒரு ரசிகர்