பாஷாணப் பதிவேடு எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நூல் பக்கத்தில், யார்க்ஷயர் துப்பறியும் தொடரின் நான்காம் நாவலைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். பேய் பொய்யாகிவிட்டதே என்று ஒருவருக்குக் கோபம். பனிமூட்டத்துக்கும் பாழ்வெளிக்கும் இத்தனை பக்கமா என்று இன்னொருவர் சலித்துக்கொள்கிறார். இத்தனை மர்மம் நடக்கும் வீட்டுக்குப் போலீஸ் ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று மூன்றாமவர் கேட்கிறார். நாவலில் உண்மையாகவே ஓட்டை விழுந்திருக்கும் இடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. நான் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கொலை பாஷாணத்தால், அதாவது ஆர்சனிக் விஷத்தால், நடந்திருப்பதால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நாவலை இன்னும் முடிக்காதவர்கள் இந்தக் கடிதத்தை அப்புறம் படிக்கலாம். கொலையாளி யார் என்பதை மறைத்துக்கொண்டு இதை எழுத வழியில்லை.

முதலில் போலீஸ். கதை நடப்பது 1842-ஆம் ஆண்டின் குளிர்காலம், வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தனித்து நிற்கும் ஒரு மாளிகை. துப்புத் துலக்குபவர் ஒரு கிராமத்து மருத்துவர். லண்டன் மாநகரப் போலீஸ் 1829-இல் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் துப்பறியும் பிரிவு தொடங்கியது 1842 ஆகஸ்டில்தான். அதில் இருந்தவர்கள் எட்டே பேர். லண்டனுக்கு வெளியே நிலைமை வேறு. விரும்பும் மாவட்டங்கள் போலீஸ் படை வைத்துக்கொள்ளலாம் என்று 1839-இல் ஒரு சட்டம் வந்தது. யார்க்ஷயரின் மேற்கு ரைடிங் பகுதி விரும்பவில்லை. 1856-இல் சட்டம் அதைக் கட்டாயமாக்கிய பிறகுதான் அங்கே படை அமைந்தது. அதுவரை தன் சொந்தப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே ஊர்க்காவலையும் சுமந்த உள்ளூர்க்காரர் ஒருவர்தான் எல்லாம். நாவலாசிரியர் போலீஸை மறந்துவிடவில்லை. அழைப்பதற்கு அங்கே ஆள் இல்லை. மாளிகையின் தனிமை அவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணம் பனிமூட்டத்தைவிட இதுதான்.

மரண விசாரணை நடப்பதும் ஒரு சத்திரத்தில்தான். அந்த அத்தியாயத்தை ஒருவர் ‘தேவையற்ற இழுவை’ என்று எழுதியிருந்தார். எனக்கு நாவலிலேயே பிடித்தது அதுதான். அன்றைய வழக்கப்படி ஜூரியாக அமர்ந்தவர்கள், பன்னிரண்டு பேருக்குக் குறையாமல், பிணத்தை நேரில் பார்த்தாக வேண்டும். உடல் கிடப்பது சத்திரத்தின் பின்கட்டுக் கொட்டகையில். ஜூரிகள் வரிசையாக உள்ளே போகிறார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வதுபோல அதையே மூக்கில் அழுத்திக்கொள்கிறார். வெளியே வந்ததும் அத்தனை பேரும் நெருப்பருகே கூடி, குதிரை விலையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். இதைத் தாண்டிப் பேய் எதற்கு?

பேய் விஷயத்தில் ஏமாந்ததாக எழுதியவருக்கு ஒரு செய்தி: இந்தப் புகாருக்கு இருநூறு வயது. ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப் 1790-களிலேயே இருட்டுக் கோட்டைகளில் வாசகரைப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் எல்லாவற்றுக்கும் சாதாரணக் காரணம் சொல்லி முடித்தவர். அப்படி விளக்கிவிடுவதை நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டே குறை சொல்லியிருக்கிறார். 1901-இல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை ஒரு பேய் நாயின் பின்னால் அனுப்பியபோதும் கடைசியில் அகப்பட்டது பாஸ்பரஸ் பூசிய நிஜ நாய்தான். (வாயில் பாஸ்பரஸ் பூசினால் நாய் சும்மா இருக்குமா என்பது வேறு கேள்வி. வகுப்பில் எந்த ஆண்டும் யாராவது ஒரு மாணவன் அதைக் கேட்காமல் விட்டதில்லை.) விளக்கம் வருவது குற்றமல்ல, அந்த விளக்கம் பயத்துக்கு ஈடாக இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த நாவலில் இருக்கிறது. வெள்ளை முக்காட்டோடு மாடி நடையில் உலவுவது, இறந்துபோன வீட்டுக்காரரின் விதவைத் தமக்கை. பேய் உலவும் இரவுகளில் வேலைக்காரர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். அடுக்களை காலியாகும். தம்பிக்குப் போகும் சூடான பாலில் கைவைக்க அந்த அம்மாளுக்கு அது போதும். பேய்க்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார் ஆசிரியர். இதைவிட என்ன வேண்டும்?

முதல் மூன்று நூல்களையும் படித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டுமா என்ற சர்ச்சைக்கு வெகுநேரம் செலவிட வேண்டியதில்லை. மருத்துவரின் மனைவி எப்படி இறந்தாள் என்பது தெரியாவிட்டால் ஓரிரு உரையாடல்கள் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது பாஷாணத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் ஆக்சைடு, அந்தக் காலத்துக்கென்றே பிறந்த விஷம். ருசி கிடையாது. பார்க்க மாவு போல இருக்கும். வாந்தியும் பேதியுமாக ஆள் போய்விட்டால் காலரா என்றோ இரைப்பைக் காய்ச்சல் என்றோ எழுதிவிடுவார்கள். ஆறிய பாலில் சரியாகக் கரையாமல் கோப்பையின் அடியில் நறநறவென்று தங்கும். நாவலில் மருத்துவருக்குச் சந்தேகம் வருவதும் அங்கேதான்.

அவர் செய்து பார்ப்பது, ஆர்சனிக் இருக்கிறதா என்று கண்டறியும் மார்ஷ் சோதனை. வுலிச் ஆயுதச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் மார்ஷ், 1830-களின் தொடக்கத்தில் காப்பியில் விஷம் வைத்ததாக வந்த ஒரு கொலை வழக்கில் ஆர்சனிக்கைக் கண்டுபிடித்துக் காட்டினார். ஆனால் ஜூரியின் பார்வைக்குப் போவதற்குள், அதற்குச் சாட்சியாகக் கரைசலில் படிந்த மஞ்சள் வீழ்படிவு கெட்டுப்போயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்த எரிச்சலில் பிறந்து 1836-இல் வெளியானதுதான் இவருடைய புதிய சோதனை. 1840-இல் பிரான்சில், கணவனுக்கு ஆர்சனிக் கொடுத்ததாக மரீ லஃபார்ஜ் என்ற பெண்மேல் நடந்த வழக்கால் ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகளில் அது அடிபட்டது. ஆக, 1842-இல் ஒரு கிராமத்து மருத்துவர் அதை அறிந்திருப்பது நியாயமே.

அந்தச் சோதனையை ஆசிரியர் எழுதியிருக்கும் விதத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். நள்ளிரவு, பாத்திரம் கழுவும் அறை. மருத்துவர் துத்தநாகத் துண்டுகளின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றுகிறார். கிளம்பும் வாயுவைக் கொளுத்தி, சுடரின்மேல் குளிர்ந்த பீங்கான் தட்டைப் பிடிக்கிறார். தட்டில் ஒன்றும் படியவில்லை. கோப்பையின் கசடை இன்னும் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் வாசகருக்குத் தெரிகிறது. கடையில் வாங்கும் துத்தநாகத்திலேயே ஆர்சனிக் கலந்திருக்கக்கூடும். அது சுத்தம் என்று முதலில் உறுதிசெய்துகொள்கிறார். பிறகு கசடு. சுடர் வெளிறி நீலம் பாய்கிறது. பூண்டு வாடை எழ, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தட்டில் கண்ணாடி போல மின்னும் கருங்கறை. அந்த வாயு ஆர்சீன், கொடிய நஞ்சு. ஜெர்மன் வேதியியலாளர் கேலன் 1815-இல் அதை முகர்ந்துதான் இறந்தார். நான் வகுப்பில் இந்தச் சோதனையை விளக்கியதோடு சரி, செய்து காட்டியதில்லை.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் அடுத்த அத்தியாயத்திலேயே கவிழ்ந்துவிட்டார். மருத்துவர் நகரத்து மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் விஷப் பதிவேட்டைப் புரட்டுகிறார். தேதி, அளவு, ‘எலிகளுக்காக’ என்ற குறிப்பு, கீழே தமக்கையின் கையெழுத்து. வழக்கு முடிந்தது. 1842-இல் ஏதய்யா பதிவேடு? விற்பவர் எழுதி வைக்க வேண்டும், வாங்குபவர் கையெழுத்திட வேண்டும் என்ற ஆர்சனிக் சட்டம் வந்தது 1851-இல். அதற்கு முன்பு சில காசுகளைக் கொடுத்தால் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பெயரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து வீடுகளைப் பிடித்து ஆட்டிய பயமே அதுதான். எந்த வீட்டு அலமாரியில் யார் வாங்கி வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுப் பெண்கள் எல்லோர்மேலும் சந்தேகம் விழுந்தது. அந்தச் சட்டத்தின் வரைவில் ஆண்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எதிர்த்து எழுதினார், இறுதிச் சட்டத்தில் அது இல்லை. நானூறு பக்கம் இருட்டைக் கட்டி எழுப்பிவிட்டு, கடைசியில் இல்லாத ஒரு பதிவேட்டால் விளக்கேற்றுவது என்ன நியாயம்?

ஆண்டை 1852 என்று திருத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதே சட்டம், சில்லறையில் விற்கும் ஆர்சனிக்கில் கரிப்பொடியோ அவுரி நீலமோ கலந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கலக்காமல் வேண்டுமென்றால் அதற்கான தொழில் காரணத்தைச் சொல்லி, குறைந்தது பத்து பவுண்டு எடை வாங்க வேண்டும். பாலில் கரியோ நீலமோ விழுந்தால் வீட்டுக்காரர் முதல் வாயிலேயே கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். பதிவேடு வேண்டுமென்றால் பால் போய்விடும். பால் வேண்டுமென்றால் பதிவேட்டைக் கைவிட வேண்டும்.

அடுத்த பதிப்பில் ஆசிரியர் அந்த இரண்டு பக்கங்களைக் கிழித்தெறியலாம். “எலிக்கென்று எத்தனையோ பேர் வாங்கிப் போகிறார்கள், யாரை நினைவில் வைப்பது?” என்று கடைக்காரர் கையை விரிக்கட்டும். மருத்துவர் வெறுங்கையோடு மாளிகைக்குத் திரும்பட்டும். அந்த அம்மாளே எதிரில் வந்து, குளிரில் வந்திருக்கிறீர்களே என்று அவர் கையில் ஒரு கோப்பைப் பாலைக் கொடுக்கட்டும். அதன் பிறகு அவர் எப்படி நிரூபிக்கிறார் என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்