மலைக்குத் தனிச் சைக்கிள் பாதை வேண்டாம். இருக்கிற சாலையைக் காப்பாற்றுங்கள்

தமிழ்நாடு அரசின் நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, வனம், சுற்றுலாத் துறைகளுக்கு,

வணக்கம்.

சைக்கிள் சுற்றுலா என்று பேச்செடுத்தாலே பச்சை பெயின்ட் அடித்த தனிப்பாதை, முகப்பில் ஒரு வளைவு, பக்கத்தில் வாடகை நிலையம் என்று திட்டம் தயாராகிவிடுகிறது. மலைக்கு இவற்றில் ஒன்றுகூட வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல். ஜவ்வாது மலையிலும், தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் கீழ்ப்பழனி மலையிலும், வண்டி நடமாட்டம் குறைந்த ஒற்றைவழித் தார்ச்சாலைகள் ஏற்கெனவே கிடக்கின்றன. ஆரஞ்சுத் தலை மைல்கல் நட்ட ஊரகச் சாலைகள் பலவற்றில் மணிக்கணக்கில் மிதித்தாலும் எதிரே வருவது ஒரு டவுன் பஸ்ஸும் நாலைந்து பைக்கும்தான். அவற்றை அப்படியே வைத்திருப்பதுதான் வேலை.

இங்கிலாந்தின் பீக் மாவட்டத்து மான்சல் பாதையைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அது 1968இல் மூடிய ரயில் தடம். 2011இல் அதன் சுரங்கங்களைத் திறந்துவிட்டார்கள். ரயில் ஓடிய இடமாதலால் மலை நடுவே போனாலும் ஏற்றம் தெரியாது. நம் மலைகளில் அப்படிச் சும்மா கிடக்கும் தடம் ஏது? நீலகிரி ரயில் இன்றும் ஓடுகிறது. அதுவும் 12க்கு 1 என்ற சரிவில் (12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம்), பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. இங்கே தனிப்பாதை என்றால் சரிவை வெட்டித்தான் போட வேண்டும். வெட்டிய சரிவு அடுத்த ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இப்போதே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வெளியூர் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. அந்த மலைகளுக்கு இது நல்லது. ஆனால் அங்கே இடம் கிடைக்காத கார் வீட்டுக்குத் திரும்பாது, அடுத்த மலையைத் தேடும். அது வந்து சேருமுன் இங்கே சில விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும்.

முதலாவது அகலம். ஒற்றைவழிச் சாலையின் தார்த்தளம் 3.75 மீட்டர். இதை 5.5 ஆக்கினால் வசதி என்று தோன்றும். கூடவே கார்களின் வேகமும் கூடும். குறுகலாக இருப்பதால்தான் ஓட்டுநர் வளைவில் ஹாரன் அடித்து, மெதுவாகத் திரும்புகிறார். பஸ்ஸும் லாரியும் விலகத்தான் இடம் வேண்டும் என்றால், பார்வை மறையாத இடங்களாகப் பார்த்து கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று ஒதுங்குமிடம் அமையுங்கள். அது போதும்.

அடுத்தது ஏற்றம். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போக, டயர் உராய்வையும் சேர்த்து, சுமார் 110 வாட் உழைப்பு வேண்டும். சாதாரண உடம்பால் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு இது. ஏற்றம் 12 சதவீதம் ஆனால் அதே உழைப்புக்கு வேகம் ஏறக்குறைய 3 கி.மீ.க்கு விழும். அந்த வேகத்தில் ஹேண்டில் நிற்காது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதனால் 'சராசரி 5 சதவீதம்' என்று அடிவாரத்தில் எழுதி வைப்பதில் பயனில்லை. நடுவில் 300 மீட்டருக்கு 13 சதவீதம் இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுக்குள் சரிவு 40க்கு 1ஐத் தாண்டக் கூடாது என்பது மலைச்சாலை விதி. ஆனால் பழைய ஊராட்சிச் சாலைகளில் வளைவின் உள்விளிம்பு சுவர் போலச் செங்குத்தாக நிற்கும். ஏறும்போது இடப்பக்க வளைவு வந்தால் அந்த உள்விளிம்பில்தான் போக வேண்டும், முடியாது. எனவே சைக்கிள்காரர் சாலை நடுவுக்கு விலகித்தான் திரும்புவார். மேலிருந்து இறங்கும் காருக்கு இது தெரியாது. இப்படிப்பட்ட வளைவுகளில் ஒரு குவிகண்ணாடியும், மேல்பக்கத்தில் 'ஏறும் சைக்கிள் நடுவில் வரும்' என்று ஒரு பலகையும் வையுங்கள். எல்லா வளைவுக்கும் வேண்டியதில்லை. இடப்பக்க ஏற்ற வளைவுகளுக்கு மட்டும்.

இறக்கம் இதைவிட ஆபத்து. அதே 100 கிலோ 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியேறும் ஆற்றல் சுமார் 980 கிலோஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு போதும். வேகமாக இறங்கினால் இதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போகும். ரிம் சுட்டு ட்யூப் வெடிப்பது இதனால். நேரான இறக்கத்தில் தேவையில்லாத வேகத்தடைகளைப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்துப் பிடித்து இந்தச் சூடு ஏறிக்கொண்டே போகும்.

வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மெல்லிய மேடாக இருக்க வேண்டும் என்று சாலைத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிறது. நடைமுறையில் இருப்பது ஒரு அடி அகலத்துக்குக் குவித்த தார்க்கட்டி, வெள்ளைக்கோடும் கிடையாது. மர நிழலில் அது கண்ணுக்கே படாது. பள்ளிக்கூடம், ஊர் முகப்பு ஆகிய இடங்களில் கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. அங்கே இடது ஓரத்தில் அரை மீட்டர் விட்டுப் போடுங்கள். மழைத்தண்ணீர் தேங்காமல் ஓடவும் அது வழி. பைக்காரரும் அதில் நுழைவார், நுழையட்டும்.

தார்ச்சாலையின் விளிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தளத்தின் மேலேயே புதுத்தளம் போட்டுப் போட்டுப் பல சாலைகளில் தாருக்கும் மண் ஓரத்துக்கும் இடையே ஒரு சாண் இறக்கம் வந்துவிட்டது. எதிரே பஸ் வந்து சைக்கிள் கீழே இறங்கினால், முன்சக்கரத்தைச் சாய்வாக மேலே ஏற்ற முடியாது. சக்கரம் விளிம்பில் உரசும், ஆள் சாலைக்குள் விழுவார். பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று தலைமைச் செயலரே 2021இல் உத்தரவிட்டிருக்கிறார். மலைச்சாலைக்கும் அதைப் பின்பற்றுங்கள். முடியாத இடத்தில் ஓரத்தில் கிராவல் கொட்டி, தார் மட்டத்துக்கு உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். குழி அடைத்தபின் உதிர்ந்து கிடக்கும் பொடி ஜல்லியை இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை கூட்டிவிட்டால் வளைவில் வழுக்கும் விபத்து குறையும். மலையோர வடிகாலைப் புரட்டாசிக்குள் வாரிவிடுங்கள். சருகு அடைத்தால் தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடும். ஓடிய இடத்தில் பாசி பிடிக்கும். பாசியில் பிரேக் பிடித்தால் பயனில்லை.

தண்ணீர்: வெயிலில் ஏறுகிறவர் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிப்பார். அந்த நேரத்தில் அவர் கடப்பது ஆறேழு கிலோமீட்டர். ஏற்றத்தில் 8 கி.மீ.க்கு ஒரு ஊராட்சிக் குழாய் இருந்தால் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வேலையில்லை.

இதற்கெல்லாம் வெள்ளோட்டமாக ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள்: போளூர், ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம், வாணியம்பாடி. இரு முனையிலும் ரயில் நிலையம் இருப்பதால் கார் இல்லாமலே வந்து போகலாம். சாமையும் புளியும் விளையும் ஊர்கள் வழியில் உண்டு. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதற்கு இருட்டு வேண்டும். ஆகவே இந்த வழியில் அலங்கார விளக்குக் கம்பங்கள் எதையும் நடாதீர்கள். பிரிவுதோறும் கைகாட்டி வேண்டும், ஏனென்றால் செல்போன் சிக்னல் பல இடங்களில் இருக்காது. மைல்கல்லின் பின்பக்கம் கடல்மட்ட உயரத்தை எழுதினால், மீதி ஏற்றம் எவ்வளவு என்று ஓட்டுகிறவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் பள்ளி போகும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கியர் கிடையாது. மேலே சொன்ன ஓரமும் வடிகாலும் முதலில் அவர்களுக்குத்தான் உதவும்.

வனத்துறைக்குத் தனியாக ஒன்று. திம்பம், மசினகுடி போன்ற யானை வழிச் சாலைகளை நாங்கள் கேட்கவில்லை. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. மிக அருகில் வரும்வரை யானைக்கு நாம் வருவது தெரியாது, அதுதான் ஆபத்து. மற்ற சோதனைச் சாவடிகளில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா, எத்தனை மணி வரை, கட்டணம் எவ்வளவு என்ற மூன்று வரியைப் பலகையில் எழுதி வையுங்கள். காவலரும் வருகிறவரும் வாதாட வேண்டியிருக்காது.

வழித்தட வரைபடத்தை வெளியிடுமுன், அந்தந்த ஊராட்சிகளின் கிராம சபையில் வைத்துக் கேளுங்கள். வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால், அந்த ஊரைச் சுற்றிப் போகும் வழியை வரைபடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மலைச்சாலைகளில் சைக்கிள் மிதிப்பவர்கள்