தொப்பிச் சின்னம் வாங்குமுன் கவனிக்க

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 வரை பிரித்தானியர் வசம் இருந்தமையால், இங்கு விற்பனைக்கு வரும் இராணுவத் தொப்பிச் சின்னங்கள் யாவும் அக்காலத்தவை என்று நம்பிவிடுகிறோம். சென்ற மாதம் நானும் அவ்வாறே ஏமாந்தேன். முதலில் பின்புறத்தைப் பாருங்கள். பித்தளைத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்த அசலில் முன்புற மேடுகள் பின்புறத்தில் பள்ளங்களாகத் தெளிவாகத் தெரியும். அசலைப் படியெடுத்து வார்த்த போலியிலோ பின்புறம் பெரும்பாலும் தட்டையாக, ஊசித்துளைகளுடன் இருப்பதோடு, உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் சற்றே குறைந்திருக்கும். கிரீடமும் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்: 1922இல் கலைக்கப்பட்ட கொன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற பிரித்தானியப் படையணியின் சின்னத்தில், 1952இல் அரியணை ஏறிய இரண்டாம் எலிசபெத் அரசி காலத்துக் கிரீடம் இருக்க முடியாது. பச்சைக் களிம்பை மட்டும் நம்ப வேண்டாம். அதை வினாகிரியாலும் உண்டாக்கலாம். ஐயம் இருப்பின், பணம் கொடுக்குமுன் இருபுறப் படங்களையும் குழுவில் இடுங்கள்.